பால் பைத்தானுக்கு உயிருள்ள எலியா, உறைந்த எலியா? மாற்றுவது ஏன், எப்படி?

வாரம் ஒருமுறை செல்லப்பிராணிக் கடையில் ஓர் எலியை வாங்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுவருகிறீர்கள். பாம்புக் கூண்டுக்குள் விட்டு மூடியைப் பூட்டிவிட்டு, எல்லாம் முடியும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறீர்கள். பெங்களூரு, மும்பை, சென்னை, ஹைதராபாத் அடுக்குமாடிகளில் பால் பைத்தான் வளர்க்கும் பலருக்கு இது பழகிப்போன வேலை. கேட்டால், "பாம்புன்னா உயிரோட இருக்கறதைத்தான் சாப்பிடும், அதுதானே இயற்கை?" என்பார்கள்.

காட்டில் அது சரி. கண்ணாடிக் கூண்டில் கணக்கு வேறு. கொன்று, உறையவைத்து, பிறகு உருக்கிச் சூடாக்கிய எலிக்குப் பாம்பைப் பழக்க முடியும். அதற்குத் தேவை பொறுமை, ஒரு தெர்மாமீட்டர், ஒரு எடை மெஷின். ஆனால் அவசரப்பட்டால் பாம்பு பட்டினி கிடக்கும். அல்லது நீங்கள் பயந்துபோய் இரண்டாவது வாரமே பழைய வழிக்குத் திரும்பிவிடுவீர்கள். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், உங்கள் பாம்பு சட்டப்படி உங்களுடையதா?

நாகம், சாரை, இந்திய மலைப்பாம்பு போன்ற நம்மூர்ப் பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், உணவைப் பற்றி யோசிக்க வேண்டாம்; வனத்துறையிடம் பேசுங்கள்.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபோது, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்குத் தனி அட்டவணை வந்தது. அவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்டன. புதிதாக வாங்கினாலும், குட்டி பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பில்லும் பதிவும் இல்லாத பாம்பு எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டியில் 55 பால் பைத்தான்கள் உட்பட 72 பாம்புகள் சிக்கின. பெட்டிக்குள் அடைபட்டு, தண்ணீரின்றி வந்த பாம்பு உணவை மறுப்பதில் ஆச்சரியம் இல்லை.

உயிருள்ள எலியில் என்ன பிரச்னை?

காட்டில் பாம்பு பதுங்கியிருக்கும். அது தாக்கும் நேரத்தை அதுவே தீர்மானிக்கும். தவறினால் எலி ஓடிவிடும். கூண்டில் எலிக்கு ஓட இடமில்லை, பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. பாம்புக்குப் பசியில்லை என்றால் இரண்டும் மணிக்கணக்கில் ஒரே அறையில் இருக்கும். பயந்த எலி கடிக்கும். பசித்த எலி கொறிக்கும். கண், முகம், முதுகெலும்பு வரை காயம் போகலாம். பாம்பு சுருட்டிப் பிடித்த பிறகும் எலியின் பல் வேலைசெய்யும். புண்ணில் கிருமி சேர்ந்தால் வாரக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் நம் நகரங்களில் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள், சிக்கல் புரியும்.

எலியின் பக்கமும் இருக்கிறது. அதற்கு இது நீண்ட பயம், வலி நிறைந்த சாவு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொரு விலங்குக்கு இரையாக அடைத்துவைப்பதைக் குற்றமாகச் சொல்கிறது. பாம்புக்குத் தீனி போடுவதை ரீல்ஸ் எடுத்துப் பதிவிடும் பழக்கம் இருந்தால், இன்றே நிறுத்துவது நல்லது.

பாம்பு ஏன் உறைந்த எலியை மறுக்கிறது?

"செத்ததுன்னு அதுக்குத் தெரியுது" என்று வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. உண்மையில், அது உணவுதான் என்றே பாம்புக்குத் தெரிவதில்லை.

பால் பைத்தானின் மேலுதட்டு ஓரமாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். வெப்பத்தை உணரும் உறுப்புகள் அவை. அந்தக் குழிகளின் நரம்புகளில் எந்தப் புரதம் வெப்பத்தைக் கண்டுபிடிக்கிறது என்பதை 2010இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இருட்டில் சூடான எலி, குளிர்ந்த பின்னணியில் தனித்துத் தெரியும். அடுத்தது வாசனை. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் உள்ள துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சோதிக்கும். மூன்றாவது அசைவு.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து அரைகுறையாக உருகிய எலியிடம் இந்த மூன்றும் இல்லை. சூடில்லை, வாசனை குறைவு, அசைவில்லை. ஆக, உங்கள் வேலை இந்த மூன்றையும் திருப்பிக் கொடுப்பதுதான்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கூண்டின் நிலைமை சரியில்லாவிட்டால் எந்த உத்தியும் வேலைக்காகாது. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் சுமார் 60 சதவீதம் இருக்கட்டும். இரு பக்கமும் உடலை ஒட்டி மூடுகிற அளவுக்குச் சிறிய மறைவிடம் தேவை. ஏசி ஓடும் அறையில் கூண்டு இருந்தால் இரவு வெப்பநிலையைக் கட்டாயம் அளந்து பாருங்கள். உடம்பு சூடாக இல்லாவிட்டால் பாம்பால் செரிக்க முடியாது, விழுங்கியதைக் கக்கிவிடும்.

அடுத்து எடை. சமையலறை டிஜிட்டல் தராசு மாதிரி ஒன்றைப் பாம்புக்கென்றே தனியாக வாங்குங்கள். கூகுள் ஷீட்டில் நான்கே பத்தி போதும்: தேதி, பாம்பின் எடை, கொடுத்த இரையின் எடை, சாப்பிட்டதா இல்லையா. இந்த அட்டவணை இல்லாமல் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். பின்னால் பயம் வரும்போது முடிவெடுக்க உதவப்போவது இதுதான்.

இரையின் அளவுக்கு வளர்ப்பாளர்கள் பின்பற்றும் கணக்கு எளிது. குட்டிகளுக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. வளர்ந்தவற்றுக்கு சுமார் 5 சதவீதம், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. 300 கிராம் குட்டிக்கு 30 கிராம் எலி. 1,500 கிராம் பாம்புக்கு 75 கிராம். பாம்பின் உடம்பில் பருமனான இடத்தைவிட எலி அதிகம் தடிமனாக இருக்கக் கூடாது.

உருக்குவது எப்படி?

முந்தைய நாள் இரவே எலியை மூடிய ஜிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். வயிற்றை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ் இருந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

கொடுப்பதற்குச் சற்று முன், பையோடு வெந்நீரில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நீர் கை பொறுக்கும் சூடாக இருந்தால் போதும். கொதிநீர் கூடாது, எலி வெந்துவிடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒருபக்கம் வெந்து, ஒருபக்கம் ஐஸாக இருக்கும், வயிறு வெடிக்கவும் செய்யும். எலியின் மேற்பரப்பு சுமார் 38 டிகிரி இருக்கட்டும். தலைப்பகுதி மட்டும் கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தால் பாம்பு சரியான இடத்தில் பிடிக்கும். பையிலிருந்து எடுத்ததும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

படிப்படியாக மாற்றுவது

இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். இதுவரை சுண்டெலி சாப்பிட்ட பாம்புக்கு உறைந்த சுண்டெலிதான் கொடுக்க வேண்டும். பெரிய வெள்ளெலிக்கு மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாசனையும் மாறி, நிலையும் மாறினால் எதனால் மறுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

1. வழக்கமான உணவு நாளில், இருட்டிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கு 2 நாள் முன்பிருந்தே பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். குறைந்தது ஓரடி நீளமுள்ள இடுக்கியால் எலியின் முதுகுப் பக்கமோ வாலோ பிடித்து, மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசையுங்கள். முகத்தில் கொண்டுபோய் இடித்தால் பாம்பு பின்வாங்கும். பிடித்துச் சுருட்டினால், உடனே விட்டுவிடாமல் இடுக்கியால் ஒன்றிரண்டு முறை லேசாக இழுங்கள். எலி போராடுகிறது என்று நினைத்து இறுக்கும்.

2. 10 நிமிடத்தில் அசையவில்லையா? எலியை மறைவிட வாசலில் வைத்துவிட்டு, கூண்டைத் துணியால் மூடி, அறையை விட்டு வெளியே வாருங்கள். கூச்சமுள்ள பாம்புகள் யாரும் பார்க்காதபோது சாப்பிடும். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். மறுபடி உறையவைக்கக் கூடாது.

3. அடுத்த முறை வாசனையைக் கூட்டுங்கள். கடையில் உயிருள்ள எலிகள் இருந்த மரத்தூளைக் கொஞ்சம் கேட்டு வாங்கி, உருகிய எலியை அதில் புரட்டிக் கொடுங்கள். தலையை ஹேர் டிரையரால் சில நொடிகள் சூடாக்கலாம்.

4. அதுவும் சரிவராவிட்டால், அப்போதுதான் கொல்லப்பட்ட, இன்னும் சூடு ஆறாத எலி ஓர் இடைப்பாலம். ஆனால் எலியை வலியின்றிக் கொல்வது பயிற்சி வேண்டிய வேலை. யூடியூப் பார்த்து நீங்களே முயல வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே குட்டிகளுக்கு ஒரு வாரம், வளர்ந்தவற்றுக்கு 10 முதல் 14 நாள் இடைவெளி விடுங்கள். தினமும் நீட்டினால் பாம்புக்கு அது உணவாகத் தெரியாது, தொந்தரவாகத்தான் தெரியும்.

எத்தனை நாள் பட்டினி தாங்கும்?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். மூன்றாவது வாரம், "பாவம், செத்துடப்போகுது" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பால் பைத்தான் பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் அது தானாகவே உணவை நிறுத்துவதும் உண்டு.

அதனால் நாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். தொடங்கும்போது 1,200 கிராம் இருந்த பாம்பு 1,080 கிராமுக்கு இறங்கினால் 10 சதவீதம் போய்விட்டது. அந்த இடத்தில் முயற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்குச் சேமிப்பு குறைவு. இரண்டு மூன்று முறை தொடர்ந்து மறுத்து, எடையும் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, எச்சில் நுரைப்பது, கக்குவது, முதுகெலும்பு துருத்தித் தெரிவது இவற்றில் எது தெரிந்தாலும் இது உணவுப் பிரச்னை அல்ல, நோய். வாயைப் பிளந்து ஊட்டும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது.

சில பாம்புகள் முதல் முயற்சியிலேயே மாறிவிடும்; சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். எத்தனை முயன்றும் மாறாமல் எடை இறங்கினால், மருத்துவரின் ஆலோசனைப்படி உயிருள்ள இரைக்குத் தற்காலிகமாகத் திரும்புவதில் தவறில்லை. அப்போதும் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். 15 நிமிடத்தில் தாக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள்.

எலி எங்கே வாங்குவது?

உறைந்த எலி விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எலிகளை எப்படிக் கொல்கிறீர்கள்? அனுப்பும்போது உறைநிலை கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல நிரப்புவது ஏற்கத்தக்க முறைகளில் ஒன்று. உயிருள்ள எலியை அப்படியே ஃப்ரீசரில் வைப்பது கொடுமை. பார்சல் உருகி, நாற்றத்தோடு வந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுப் பொறியில் சிக்கிய எலியைக் கொடுக்கவே கூடாது. கடைகளில் கிடைக்கும் புரோமாடயோலோன் போன்ற எலி மருந்து, எலியின் ஈரலில் தங்கி பாம்புக்கும் போகும். ஒட்டுண்ணிகள், எலிக்காய்ச்சல் கிருமி எல்லாம் கூடுதல். ஆய்வகத்தில் மிஞ்சிய எலியும் வேண்டாம். அதற்குள் என்ன மருந்து போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஃப்ரீசரில் எலி, பக்கத்தில் ஐஸ்கிரீமா?

ரூம்மேட் கத்துவதில் நியாயம் இருக்கிறது. உறையவைப்பது பல ஒட்டுண்ணிகளைக் கொல்லும், ஆனால் சால்மோனெல்லா பாக்டீரியாவை அழிக்காது. பிரிட்டனில் 2015 முதல் சில ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்டோருக்கு வந்த சால்மோனெல்லா தொற்றை, ஊர்வனவற்றுக்கு உணவாகும் எலிகளோடு அந்நாட்டுச் சுகாதாரத் துறை தொடர்புபடுத்தியது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

முடிந்தால் சின்னதாகத் தனி ஃப்ரீசர் வாங்குங்கள். இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவில், பெயர் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். 6 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெந்நீர்ப் பாத்திரம், இடுக்கி, தராசு எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சமையல் சிங்கில் கழுவாதீர்கள். நீண்ட மின்வெட்டில் உருகிவிட்டால், காசு போனாலும் பரவாயில்லை, தூக்கிப் போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, முதியவரோ இருந்தால் அவர்களை இந்த வேலையின் பக்கமே விடாதீர்கள்.

சாப்பிட்டு முடித்த பாம்பை அடுத்த 48 மணி நேரம் தொடாதீர்கள். அன்றைய வரியை ஷீட்டில் ஏற்றுங்கள். தொடர்ந்து மூன்று முறை உருக்கிய எலியை எடுத்துக்கொண்டால், மாற்றம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.