கானோடையின் பச்சைச் சிறகு

மேற்குத் தொடர்ச்சி மலையிலும், இமயத்தின் அடிவாரத்திலும், வடகிழக்கு மாநிலங்களிலும் காட்டோடைகளை ஒட்டி நடப்போர், நீருக்குச் சற்று மேலே மரகதத் துண்டொன்று மின்னி மறைவதைக் கண்டிருக்கலாம். அது ஓர் ஊசித்தட்டான். விஞ்ஞானப் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குச் சீனத்தின் பெயரைச் சூட்டினார். நம் ஓடைகளுக்கும் இது அந்நியமானதன்று.

தட்டான் அமரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களுள் பெரும்பாலானவை முதுகின்மேல் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே, கல்லின்மீது அமர்ந்திருக்கும் இந்த ஆண் பூச்சியின் சிறகுகள், வெறும் பழுப்பு நிறமாகவே தோன்றும். பின்சிறகின் மேற்புறத்தில்தான் ஒளிரும் பச்சை உள்ளது. பெண் நெருங்கினாலும், மற்றோர் ஆண் எல்லைக்குள் புகுந்தாலும் அது சட்டென வெளிப்படும். பெண்ணுக்கு அப்பச்சை இல்லை; சிறகில் வெண்புள்ளிகள் உண்டு.

இப்பச்சை ஒரு சாயமன்று. சிறகிலுள்ள மிக மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் கலப்பதால் இந்நிறம் பிறக்கிறது. சவர்க்காரக் குமிழியில் தோன்றும் நிறங்களைக் காட்டி ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம்.

பூச்சியின் இளமைப் பருவம் முழுவதும் நீருக்குள் கழிகிறது. கூட்டுப்புழு நிலை இதற்கு இல்லை. வால்நுனியில் மூன்று தகடுகள் கொண்ட இளம்பூச்சி, ஓடும் நீரில் வேர்களையும் சருகுகளையும் பற்றிக்கொண்டு, மடங்கிய கீழுதட்டை நீட்டிச் சிற்றுயிர்களைப் பிடித்து உண்ணும். கரைமரங்களை வெட்டினால் வெயிலேறி நீர் சூடாகிறது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். மண்சரிந்து வண்டல் படிந்தாலோ, தோட்டங்களில் தெளித்த பூச்சிக்கொல்லி மழையோடு வந்து கலந்தாலோ, முதலில் துன்புறுவது இவ்விளம்பூச்சியே. இது அரிய இனமன்று. அதனாலேயே களப்பணியாளருக்கு உதவுகிறது: வழக்கமாகக் காணப்பட்ட ஓடையில் இது காணாமற்போனால், மேலோடையில் என்ன நிகழ்ந்தது என்று உடனே விசாரிக்க வேண்டும்.

பறக்கும் பூச்சிகளை மட்டும் எண்ணிக் குறிப்பது போதாது; அவை வேறிடத்திலிருந்தும் வந்திருக்கலாம். நீரோரக் கற்களிலும் தண்டுகளிலும் ஒட்டியிருக்கும் உரித்த தோலைத் தேடுக. உணர்கொம்பின் முதற் கணு, ஏனைய கணுக்கள் யாவும் சேர்ந்த அளவுக்கு நீண்டிருந்தால், அது இக்குடும்பத்தைச் சேர்ந்தது, அவ்வோடையிலேயே வளர்ந்தது. உயிருள்ள பூச்சியை ஊசியில் குத்த வேண்டியதில்லை. தோலைத் தீப்பெட்டியில் இட்டு, நாளும் இடமும் எழுதி வைத்தாலே போதும்.