ஒரு ஸ்பூன் எனக்கு: களைப்போட வாழ்றவங்களுக்கான பொழுதுபோக்குகள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் மெதுவாத்தான் போகும். படுத்துக்கிட்டே கேக்கறவங்க அப்படியே கேளுங்க, நானும் பாதி சாஞ்சுதான் பேசறேன்.

எனக்கு லூபஸ் இருக்குன்னு பழைய லிசனர்ஸுக்குத் தெரியும். உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய். மூட்டு வலி, வெயில் பட்டா பிரச்சினை, எல்லாத்துக்கும் மேல களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. வேலைக்குப் போன பிறகு மிச்ச நேரத்துல என்ன பண்றதுன்னு கேட்டா, "ரெஸ்ட் எடு" அப்படின்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா சீலிங் ஃபேனைப் பாத்துக்கிட்டு எத்தனை மாசம் படுத்திருக்க முடியும்?

முதல்ல ஸ்பூன் கணக்கு. கிறிஸ்டின் மிசரண்டினோன்னு ஒரு அமெரிக்கப் பெண், அவங்களுக்கும் லூபஸ்தான். 2003ல ஒரு கட்டுரை எழுதினாங்க. தன்னோட நாள் எப்படிப் போகும்னு தோழிக்குப் புரியவைக்க, 12 ஸ்பூனைக் கையில கொடுத்து, குளிக்க ஒண்ணு, டிரஸ் மாத்த ஒண்ணுன்னு ஒவ்வொண்ணா திருப்பி வாங்கிக்கிறாங்க. சாயங்காலம் வர்றதுக்குள்ள கை காலி ஆயிடும். நம்ம தெம்பும் அப்படித்தான், எண்ணிச் செலவு பண்ணணும்.

அப்போ பொழுதுபோக்குக்கு எங்கேருந்து ஸ்பூன் எடுக்கிறது? என் பதில்: முதல்லயே ஒண்ணை எடுத்து வெச்சுடணும். மிச்சம் இருந்தா பாக்கலாம்னு விட்டா, மிச்சமே இருக்காது.

எதைத் தேர்ந்தெடுக்கிறது?

இது சுலபமா, கஷ்டமான்னு நான் பாக்கறதில்லை. ஒரே ஒரு கேள்விதான்: இதை நடுவுல எங்க வேணா நிறுத்தலாமா? கேக் பண்ண ஆரம்பிச்சா பாதியில விட முடியாது. மாவு காத்துட்டிருக்கும், பாத்திரம் சிங்க்ல கிடக்கும். நிறுத்தினாலும் எதுவும் வீணாகாத விஷயம்தான் நமக்கு ஒத்து வரும்.

நான் பண்ற மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, நோட்டுல கோலம். குனிஞ்சு வாசல்ல போட என் முட்டி ஒத்துக்காது. அதனால புள்ளி நோட்டும் ஜெல் பேனாவும். மூணு வரிசைப் புள்ளி வெச்சு ஒரு சின்ன சிக்குக் கோலம். கை வலிச்சா பாதியில மூடிடலாம், நாளைக்கு அந்தப் புள்ளி அங்கேயேதான் இருக்கும். ஓவியர் மத்தீஸ் ஞாபகம் வருவார். 1941ல குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பிறகு அவரால முன்ன மாதிரி நின்னு வரைய முடியலை. உதவியாளர்கள் காகிதத்துல வண்ணம் பூசிக் கொடுக்க, சக்கர நாற்காலியிலயும் படுக்கையிலயும் இருந்தபடி கத்தரிக்கோலால வெட்டி வெட்டியே படம் பண்ணினார். கருவி மாறிச்சு, நிறத்து மேல இருந்த ஆசை மாறலை.

ரெண்டு, பறவை கேக்கறது. பாக்கறது இல்லைங்க, கேக்கறது. மெர்லின்னு ஒரு இலவச ஆப், கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவையியல் ஆய்வகம் பண்ணினது. ஜன்னலோரம் போனை வெச்சுட்டுக் கண்ணை மூடிக்கலாம். எந்தப் பறவையோட குரல்னு அதுவே சொல்லும். சில நேரம் தப்பாவும் சொல்லும், அது தனி ஜாலி. டுக் டுக் டுக்னு செம்பு தட்டற மாதிரி ஒரு சத்தம் விடாம கேக்குதா? அது செம்மார்புக் குக்குறுவான். நகரத்து மரங்கள்லயும் இருக்கும். வருஷா வருஷம் பொங்கல் சமயத்துல பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பால்கனியில 15 நிமிஷம் உட்கார்ந்து எண்ணினாலே அதுல சேந்துக்கலாம்.

மூணு, விக்கிமூலம். பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி ஏத்தியிருப்பாங்க. ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் கம்ப்யூட்டர் படிச்ச எழுத்து. ஒப்பிட்டுப் பாத்துப் பிழை திருத்தணும். சிவப்பா இருந்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருத்தர் சரிபாத்தா பச்சையாகும். ஒரே ஒரு பக்கம் முடிச்சு சேவ் பண்ணினாலும் அது முழுசா முடிஞ்ச வேலை. மாசக்கணக்கா எதையும் முடிக்காத ஆளுக்கு அந்த மஞ்சள் நிறம் எவ்வளவு பெருசுன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூளை மந்தமா இருக்கற நாள்ல இதைத் தொட மாட்டேன், அன்னைக்குப் பறவைதான்.

களைப்போட வகை

உடம்புத் தெம்பு வேற, மூளைத் தெம்பு வேற, மனுஷங்களோட பேசறதுக்கான தெம்பு வேற. எது காலியோ, அதைக் கேக்காத பொழுதுபோக்கை எடுங்க. இன்னும் கொஞ்சம் முடியும்னு தோணும்போதே நிறுத்திடுங்க. பலருக்கு, குறிப்பா எம்.இ./சி.எஃப்.எஸ். இருக்கறவங்களுக்கு, அதிகமா பண்ணினதோட விலை மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோதான் தெரியும்.

கடைசியா ஒண்ணு. "பாத்திரம் கழுவ முடியலை, கோலம் போட மட்டும் முடியுதா?" இந்தக் கேள்வி வீட்டுல வரும். அதை விட மோசம், நமக்குள்ளயே வரும். பாத்திரம் கழுவ இருபது நிமிஷம் நிக்கணும், கோலத்தைப் படுத்துக்கிட்டே போடலாம். கணக்கு அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு: எல்லா ஸ்பூனும் மருந்து, வேலை, வீடுன்னே போயிட்டா, யாருக்காக இவ்வளவு கஷ்டப்பட்டு உடம்பைப் பாத்துக்கறோம்? அந்த ஆளுக்கும் ஒரு ஸ்பூன் வேணும்ல.

நீங்க படுத்துக்கிட்டே என்ன பண்றீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. முடியலைன்னா ஒரு ஸ்பூன் எமோஜி போதும், புரிஞ்சுக்குவேன். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.