ராக்கெட் சோர்வது ஏன்? தும்பா கற்பிக்கும் ஆய்வு முறை

திருவிழாக் காலத்தில் வரிசையாகக் கொளுத்தப்படும் வாணங்களுள் சில, உயரச் செல்லாமல் பாதி வழியிலேயே சோர்ந்து விழுவதைப் பலரும் கண்டிருப்பர். ‘மருந்து போதவில்லை’ என்று கூறி அதனை விட்டுவிடுவதே வழக்கம். இவ்விடை ஆராயாமற் கூறப்படும் விடை மட்டுமன்று, ஆபத்தான விடையுமாகும். இதனை நம்பிப் பொழுதுபோக்காகத் தாமே மருந்து கலக்கத் துணிந்தவர்கள் கண்ணையும் கைவிரல்களையும் இழக்க நேர்ந்ததுண்டு. ஆகையால், சோர்ந்துபோன ஒரு ராக்கெட்டின் குறையை விஞ்ஞானிகள் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அறிந்து பிறருக்கு எடுத்துரைத்தல் நலம்.

இதற்குத் தக்க சான்று திருவனந்தபுரத்திலேயே உள்ளது. பூமியின் காந்த நடுக்கோடு அந்நகரை அடுத்த தும்பா கடற்கரையின் அருகே செல்வதால், வானாராய்ச்சி ராக்கெட்டுகளை ஏவுவதற்கு அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20இல், இந்தியாவிலேயே செய்யப்பட்ட ரோகிணி-75 விண்ணிற் பாய்ந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டரே. இச்சிறு குழலில் தொடங்கிய பணியே இன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக வளர்ந்து நிற்கிறது.

உந்துவிசையின் பிறப்பு

திட எரிபொருள் ராக்கெட்டில் எரியும் பொருளும், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அளிக்கும் உப்பும் ஒன்றாகக் கலந்து கெட்டிப்படுத்தப்பட்டிருக்கும். பெரிய ராக்கெட்டுகளில் ரப்பர் போன்ற ஒரு பொருள் இவற்றைப் பிணைப்பதோடு தானும் எரிபொருளாகப் பயன்படுகிறது. எரிபொருளின் மேற்பரப்பு மட்டுமே ஒவ்வொரு கணமும் எரிகிறது. அதனின்று பிறக்கும் வெம்மையான வாயுக்கள் பின்புறமுள்ள குறுகிய கழுத்தின் வழியாகப் பெரும் வேகத்துடன் பீறிட்டு வெளியேறுகின்றன. அவற்றின் எதிர்விளைவே ராக்கெட்டை முன்னோக்கி உந்துகிறது.

ஆகவே உந்துவிசையை முடிவு செய்வன நான்கு: எரியும் பரப்பு எவ்வளவு? அப்பரப்பு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது? கூட்டினுள் அமுக்கம் எவ்வளவு? கழுத்தின் அகலம் எவ்வளவு? இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. அமுக்கம் கூடினால் எரியும் வேகமும் கூடும்; வேகம் கூடினால் வாயு மிகுந்து அமுக்கம் மேலும் உயரும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் ராக்கெட் சோரும்.

வரைபடத்தின் சாட்சியம்

புதிதாக அமைக்கப்படும் மோட்டாரை விண்ணில் ஏவுவதற்கு முன், தரையில் அசையாதவாறு பூட்டி எரித்துப் பார்க்கின்றனர். உந்துவிசையும் உள் அமுக்கமும் கணந்தோறும் பதிவு செய்யப்பட்டு வரைபடமாக்கப்படுகின்றன. நோயாளியின் நாடியைப் போன்றது இவ்வரைபடம். பழகிய கண் அதிலிருந்து நோயை அறிந்துகொள்ளும்.

வரைகோடு தாழ்ந்திருந்தும் நீண்ட நேரம் நீடித்து, கோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பு ஏறத்தாழ மாறாதிருக்குமாயின், எரிபொருள் முழுவதும் எரிந்துள்ளது; ஆனால் மெதுவாக எரிந்துள்ளது என்பது பொருள். எரிபொருளின் வெப்பநிலை குறைந்திருப்பதும், உப்பின் துகள்கள் வேண்டிய அளவினும் பெரியனவாக இருப்பதும் இதற்குக் காரணமாகலாம். மொத்தப் பரப்பே குறைந்திருந்தால், வாயு எங்கோ கசிந்தது அல்லது எரிதல் முழுமை பெறவில்லை என்று கொள்ள வேண்டும். கோடு தொடக்கத்தில் செம்மையாக எழுந்து பின்னர்ச் சிறிது சிறிதாகச் சரிந்தால், வெப்பத்தால் கழுத்து அரிக்கப்பட்டு அகன்றுவிட்டதோ என்று ஐயுறலாம். எழுவதற்கே காலம் தாழ்த்தினால் பற்றவைக்கும் அமைப்பை ஆராய வேண்டும். திடீரென வீழ்ந்தால், கூட்டிலோ கழுத்திலோ உடைவு நேர்ந்திருக்கக் கூடும்.

2025 மே 18ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி61 ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் திட எரிபொருளால் இயங்குவது. அக்கட்டம் எரிந்துகொண்டிருந்தபோது மோட்டார்க் கூட்டினுள் அமுக்கம் குறைந்தமையால் பயணம் நிறைவேறவில்லை என்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. பல பத்தாண்டு அனுபவம் வாய்ந்தவர்களும் இவ்வரைபடத்தைக் கொண்டே ஆய்வைத் தொடங்க வேண்டியிருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

குறை மோட்டாரில் மட்டும் இருப்பதன்று

ராக்கெட் விழுந்தவுடன் எரிபொருளையே குறை கூறுவது முறையன்று. நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் இயங்கிய எஸ்.எல்.வி.-3, ஏறத்தாழ 17 டன் எடையுள்ளது. 1979 ஆகஸ்டு 10இல் அது முதன்முறை ஏவப்பட்டபோது முதற்கட்டம் செவ்வனே இயங்கியது. எனினும் இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் நிலைகுலைந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. ஆராய்ந்தபோது குறை எரிபொருளில் இல்லை என்பது தெரிந்தது. திசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் ஒரு வால்வு சரிவர மூடாமையால், அதற்குரிய நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. குறை களையப்பட்டபின், 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட் 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையிற் சேர்த்தது.

அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. ஏறத்தாழ 40 டன் எடையுள்ளது. 1987 மார்ச் 24இல் அதன் பக்க மோட்டார்கள் எரிந்து முடிந்தபின் நடு மோட்டார் பற்றவே இல்லை. 1988 ஜூலை 13இல் நடு மோட்டார் பற்றியது; ஆயினும் காற்றின் தாக்குதல் கடுமையாக இருந்த நேரத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. இவ்விரண்டையும் ஆராய்ந்தபின் செய்த மாற்றங்களுள் ஒன்று எளியது. ஆனால் கருத்துச் செறிந்தது. நடு மோட்டாரை முன்கூட்டிக் குறித்த நொடியிற் பற்றவைப்பதை விடுத்து, பக்க மோட்டார்களின் உந்துவிசை உண்மையில் எப்போது குறைகிறது என்பதை அளந்து பற்றவைக்குமாறு அமைத்தனர். 1992 மே 20இல் செயற்கைக் கோள் விண்ணை எட்டியது. எனினும் சுற்றுப்பாதை எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்தது. 1994 மே 4இல் நான்காம் முயற்சி வெற்றி பெற்றது.

ஒரே விளைவுக்குக் காரணங்கள் பல இருத்தல் கூடும் என்பதே இவற்றால் விளங்கும் பாடம். அளவெடுத்த சான்று இல்லாமற் காரணத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

சோர்வும் வெடிப்பும் ஒரே வேரில் பிறப்பன

வீட்டில் வாணம் செய்வோர் இதனை அறியாமையே பெருந்தீங்குக்கு மூலமாகிறது. எரிபொருளில் மயிரிழை அளவு வெடிப்புக்கோடு இருந்தால், நெருப்பு அதனுள்ளும் புகும். எரியும் பரப்பு பன்மடங்காகும். அமுக்கம் கூட்டின் வலிமையை மீறும். எரிபொருள் கூட்டின் சுவரிலிருந்து பிரிந்திருந்தாலும் இதுவே நேரும். ஈரம் மற்றொரு பகை. ரப்பர்ப் பிணைப்பு இறுகும் வேளையில் ஈரம் புகுந்தால் உள்ளே வாயுக் குமிழிகள் தோன்றும். இரு பருவ மழைகளும் பெய்யும் திருவனந்தபுரத்தில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது இதனால் இன்றியமையாததாகிறது. ஆலைகளில் எக்ஸ்ரே கதிர்களாலும் செவிக்கு எட்டாத ஒலி அலைகளாலும் உட்குறைகளைத் தேடுகின்றனர். வீட்டுத் திண்ணையில் இத்தகைய கருவி எதுவும் இல்லை. ஒரே கையாற் செய்த இரு வாணங்களுள் ஒன்று சோர்ந்தது என்றால், மற்றொன்று வெடிக்கவும் கூடும். சோர்ந்ததைத் திருத்த மருந்தை மாற்றுவது, காரணம் அறியாமல் அபாயத்தை மாற்றி வைப்பதேயாகும்.

2016 ஏப்ரல் 10ஆம் நாள், அண்டை மாவட்டமான கொல்லத்தைச் சேர்ந்த பரவூரில், புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையின்போது சேமித்து வைத்திருந்த வெடிபொருள்கள் தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொழில் பழகியோர் நடுவிலும் இவ்வாறு நேருமாயின், பழகாதோர் நிலையைக் கூற வேண்டுவதில்லை. 1884ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின் கீழ் உரிமம் இன்றி வெடிபொருள் செய்வது குற்றமாகும். கடையில் வாங்கிய வாணம் பற்றாமற் போனால் அதனைப் பிரித்துப் பார்ப்பதும் மீண்டும் கொளுத்துவதும் கூடாது. விலகி நின்று, போதிய நேரம் கழித்து, நீர் ஊற்றி நனைத்துவிட வேண்டும்.

வகுப்பறையிற் செய்யத் தக்க சோதனை

குறையாராயும் முறையைக் கற்பிக்க நெருப்பு வேண்டுவதில்லை. வழுவழுப்பான நைலான் இழை ஒன்றை ஓர் உறிஞ்சு குழலினுள் செலுத்தி, இழையை அறையின் குறுக்கே இழுத்துக் கட்டுக. ரப்பர்ப் பலூனை ஊதி, வாயை விரலால் பிடித்துக்கொண்டு, ஒட்டு நாடாவால் குழலோடு இணைத்து விடுக. பலூன் இழையின் வழியே பாயும். ஒவ்வொரு முறையும் அதன் சுற்றளவை நூலால் அளந்து ஒரே அளவாக ஊத வேண்டும். ஐந்து முறை ஓடவிட்டுத் தூரத்தையும் நேரத்தையும் குறித்துச் சராசரி காண்க.

பின்னர், மாணவர் அறியாதவாறு ஆசிரியர் ஏதேனும் ஒரு குறையை உண்டாக்கலாம்: நைலானுக்குப் பதில் சொரசொரப்பான சணல் கட்டலாம், ஒரு நாணயத்தை ஒட்டி எடையைக் கூட்டலாம், வாயிற் சிறு குழாயைச் செருகிக் குறுக்கலாம், அக்குழாயின் ஓரத்திற் கசிவு விடலாம். தூரம் குறைந்தது என்பதை மட்டும் கொண்டு காரணம் கூற இடம் தரலாகாது. ஒரு முறைக்கு ஒரே மாற்றம் செய்து, அளந்து, எழுதி, அதன் பின்னரே முடிவு கூறுமாறு மாணவரைப் பழக்க வேண்டும். பலூனுக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள ஒரு வேற்றுமையையும் சுட்டுதல் தகும். பலூனின் வாயைக் குறுக்கினால் உள் அமுக்கம் பெரிதும் மாறாது. விசை குறைந்து நீடிக்கும். எரியும் ராக்கெட்டின் கழுத்தைக் குறுக்கினாலோ உள் அமுக்கம் உயரும். பலூனிற் கண்டதை வாணத்தில் முயல்வது உயிருக்கே கேடாகலாம் என்பதற்கு இவ்வேற்றுமை ஒன்றே போதிய காரணம்.

களப் பணியாளர்கள் ஊர்த் திருவிழாவுக்கு முன் நடத்தும் கூட்டங்களிலும் இப்பலூனைக் கொண்டே விஷயத்தை விளக்கலாம். சட்டத்தைக் கூறி அச்சுறுத்துவதைவிட, காரணம் காட்டி விளக்கிய எச்சரிக்கை மக்கள் மனத்தில் நிலைத்து நிற்கும்.