கூட நடக்க ஓர் ஆள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணிடம், “அந்தக் கையால் பாரம் தூக்காதீர்கள், கைக்கு அதிக வேலை கொடுக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்புவதுதான் 1990-கள் வரை பெரும்பாலான டாக்டர்களின் வழக்கம். அதற்குக் காரணமும் இருந்தது. நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை வெட்டி எடுப்பார்கள். பிறகு சிலருக்கு நிணநீர் வடிய வழியில்லாமல் கையிலேயே தேங்கிவிடும். கை வீங்கும், கனக்கும். ஜாக்கெட்டின் கை நுழையாது, வளையல் கழற்ற வராது. சின்னக் கீறல் பட்டாலும் கிருமி தொற்றிக் கை சிவந்துவிடும். இப்படி வந்த வீக்கம் முழுதாக வடிவது அரிது. அதனால் கையை அலட்டாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று டாக்டர்களும் நம்பினார்கள், நோயாளிகளும் நம்பினார்கள்.

கனடாவில் வான்கூவர் நகரின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சிக்கு இதில் சந்தேகம் இருந்தது. 1996-ல், இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்த 24 பெண்களை அவர் ஒன்றுசேர்த்தார். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் தசைகளை வலுவாக்கினார். பிறகு டிராகன் படகில் ஏற்றினார். சீன மரபில் வந்த நீளமான, குறுகலான படகு அது. இருபது பேர் இரண்டிரண்டாக உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள், முன்னால் ஒருவர் முரசடிப்பார், பின்னால் ஒருவர் சுக்கான் பிடிப்பார். கையை முன்னே நீட்டி, துடுப்பை நீரில் குத்தி, முழு பலத்தோடு இழுக்க வேண்டும். ஒருமுறை அல்ல, நூற்றுக்கணக்கான முறை. எதைச் செய்யவே கூடாது என்று அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தார்களோ, அதையேதான் செய்தார்கள்.

கோடைக்காலப் படகுப் பந்தயத்திலும் அவர்கள் கலந்துகொண்டார்கள். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. மெக்கென்சி 1998-ல் இதை மருத்துவ இதழில் எழுதினார். 24 பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் 2009-ல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவதோ, பயிற்சி செய்தவர்களிடம் பாதியாகக் குறைந்தது. உடம்பின் அமைப்பைப் பார்த்தால் இது வியப்பில்லை. நிணநீரைத் தள்ள இதயம்போல் தனி உறுப்பு கிடையாது. நிணநீர்க் குழாய்களின் சொந்தச் சுருக்கத்தோடு, சுற்றியுள்ள தசைகளின் அசைவும் மூச்சும் சேர்ந்துதான் அதை நகர்த்துகின்றன.

வான்கூவரில் தொடங்கிய அந்தப் படகு இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. பந்தயம் முடிந்ததும் இந்த அணிகள் செய்யும் ஒரு காரியம் உண்டு. படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நோயில் இறந்துபோன தோழிகளை நினைத்து இளஞ்சிவப்புப் பூக்களைத் தண்ணீரில் போடுவார்கள். கரையில் கணவன்மார்களும் பிள்ளைகளும் நிற்பார்கள்.

நம் வீடுகளில் பாசம் வேறு மாதிரி பேசும். “அப்பா, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பாள். கீமோ முடிந்து வந்த அம்மாவைச் சமையலறைப் பக்கமே விடமாட்டார்கள். அதில் உள்ள அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டில் உடம்புக்கு என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதே அதிகம்! நோயே இல்லாத இளைஞர்களுக்கு இந்தக் கதி என்றால், சிகிச்சையால் இளைத்துப்போன அறுபது வயதுக்காரருக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு இதுவரை வந்ததில் வலுவான பதில், 2025 ஜூனில் வெளியான ஓர் ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர் அதில் பங்கேற்றார்கள். பெரும்பாலோர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு உடற்பயிற்சியின் நன்மைகளைச் சொல்லும் கையேடு மட்டும் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கையேட்டோடு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்து ஊக்கம் கொடுக்க ஒரு பயிற்சியாளரும் கிடைத்தார். பெரிய பயிற்சி எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் எட்டக்கூடிய அளவுதான். எட்டு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, கையேடு மட்டும் வாங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பயிற்சியாளர் கிடைத்தவர்களில் 90 சதவீதம். தசை, மூட்டு வலி இவர்களிடம் சற்று அதிகம் இருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இரண்டு பிரிவினருக்கும் தகவல் ஒன்றுதான். வித்தியாசம், “இந்த வாரம் நடந்தீர்களா?” என்று கேட்க ஓர் ஆள் இருந்ததில் இருக்கிறது. நம் ஊரில் அப்படியொரு பயிற்சியாளரை எத்தனை மருத்துவமனைகள் கொடுத்துவிடும்? மகனும் மருமகளும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் அந்த ஆளாக வேண்டும்.

நோயாளியின் பக்கமும் ஒரு பங்கு உண்டு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு–தசை நோய் உள்ளவர்களில் ஒரு பிரிவினரிடம், நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களைத் தினமும் எழுதச் சொன்னார்கள். மூன்று வாரம் எழுதினார்கள். அதனால் யாருக்கும் நோய் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எழுதாதவர்களைவிட அவர்களுக்கு நல்ல தூக்கம் வந்தது, மற்றவர்களோடு நெருக்கம் கூடியதாகச் சொன்னார்கள். அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பது வாழ்க்கைத்துணையின் கண்ணிலும் பட்டது. மாதக்கணக்கில் மருந்து எடுத்துக் கொடுத்து, ராத்திரி கண் விழித்து, கூடவே இளைத்துப்போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! “நீ இருக்கிறதாலதான் சமாளிக்கிறேன்” என்பதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல், வாய்விட்டுச் சொல்லலாம்.

எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய், காய்ச்சல், ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்த நிலை, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு ஆகியவை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் தங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டு, தெருமுனை வரை நடந்து திரும்புவதிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “எங்க அம்மா எவ்வளவு தூரம் நடக்கலாம் டாக்டர்?” என்று கேளுங்கள். அவர் சொல்கிற தூரத்துக்கு நீங்களும் கூடப் போங்கள்.