நெஞ்சறிந்த ஓட்டம்

மனித உடலில், பிறப்பதற்கு முன்பே தன் தொழிலைத் தொடங்கி, இறுதி மூச்சுவரை ஓயாது உழைக்கும் உறுப்பு இதயம். கண்கள் உறங்குகின்றன, கைகால்கள் ஓய்வு கொள்கின்றன, இதயமோ உறங்குவதில்லை. மூடிய கையின் அளவே உள்ள இத்தசைப்பை, நாம் அமைதியாக அமர்ந்திருக்கும்பொழுது நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியை வெளியே தள்ளுகின்றது. இங்ஙனம் ஒரு நிமிடத்தில் 5 லிட்டர் குருதி உடலெங்கும் செல்கின்றது. நாள் ஒன்றுக்குக் கணக்கிட்டால் துடிப்புகளின் தொகை ஒரு லட்சத்தையும் கடந்துவிடும்.

ஏற்கெனவே இவ்வளவு உழைக்கும் உறுப்பை, பல மைல் தொலைவு ஓடி மேலும் வருத்துதல் தகுமா? ஓடுவதால் இதயம் தளர்ந்து கெட்டுவிடாதா? இவ்வையம் பொதுமக்களிடம் மட்டுமன்றி மருத்துவர் சிலரிடமும் நெடுங்காலம் இருந்து வந்தது. 1899-ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன் என்பார், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து, அவர்களுடைய இதயம் பிறருடையதைவிடப் பெரிதாக இருத்தலைக் கண்டார். அது நோயன்று, மிகுதியாக உழைக்கவல்ல இதயமே என்று அவர் கருதினார். ஆயினும், பெருத்த இதயம் பழுதுற்ற இதயமே என்று அஞ்சினோர் பின்னரும் பலர் இருந்தனர்.

இன்று உண்மை தெளிவாகியுள்ளது. முறையாக ஓடிப் பழகியவரின் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைத் தள்ளும் ஆற்றலைப் பெறுகின்றது. முன்பு 70 மில்லிலிட்டர் தள்ளிய இதயம் இப்பொழுது 100 மில்லிலிட்டர் தள்ளுமாயின், அதே 5 லிட்டர் குருதியை அனுப்ப 50 துடிப்புகளே போதும். நிமிடத்திற்கு 22 துடிப்புகள் குறைந்தால், நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட துடிப்புகள் மிச்சமாகும். உழைப்பே இதயத்திற்கு ஓய்வைத் தேடித் தருகின்றது என்பது வியப்பன்றோ?

எனினும், எவ்வாறு ஓடினாலும் இந்நன்மை விளையும் என்று எண்ணுதல் கூடாது. எவ்வளவு விரைவாக ஓடுவது, எப்பொழுது நிறுத்துவது என்னும் அளவை அறிதல் வேண்டும். அந்த அளவைத் தம் உடலையே சோதனைச் சாலையாகக் கொண்டு தேடிய ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து நகரில், 1917-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆர்தர் லிடியார்டு. காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். மருத்துவமோ உடலியலோ கல்லூரியில் கற்றவரல்லர். இளமையில் விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்ததால், தம் உடல் உறுதியானதே என்று நம்பியிருந்தார். ஒருநாள் நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடினார். ஓடி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது, நாடி படபடத்தது, கால்கள் துவண்டன. அப்பொழுது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. இவ்வயதிலேயே இந்நிலை என்றால், இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் தம் உடல் என்னாகுமோ என்ற கவலை அவர் உள்ளத்தில் எழுந்தது. அக்கவலையே அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கியது.

லிடியார்டு நாள்தோறும் ஓடலானார். சில வாரங்களில் மிகக் குறைவாகவும், சில வாரங்களில் 250 மைல் வரையிலும் ஓடிப் பார்த்தார். மிகக் குறைந்த ஓட்டத்தால் உடல் வளரவில்லை. மிகுதியான ஓட்டத்தால் உடல் தளர்ந்தது. இறுதியில், வாரத்திற்கு ஏறத்தாழ 100 மைல், மூச்சுத் திணறாத வேகத்தில் ஓடுவதே தமக்கு ஏற்றது என்று கண்டார். இவ்வாறு ஓடி உடலில் அடித்தளம் அமைத்த பின்னரே குன்றேறி ஓடுதலும், விரைந்து ஓடுதலும் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைக்கால் இடாமல் சுவர் எழுப்புவார் உண்டோ? இம்முறையில் பழகி, அவர் 1953-ஆம் ஆண்டிலும் 1955-ஆம் ஆண்டிலும் தம் நாட்டு மாரத்தான் ஓட்டத்தில் முதன்மை பெற்றார்.

அவரை நாடி அண்டை அயலிலிருந்த இளைஞர் சிலர் வந்தனர். அவர்கள் ஓட்டத்திற்காக ஊதியம் பெற்றவர்கள் அல்லர். பகலில் தத்தம் பணியைச் செய்து, எஞ்சிய நேரத்தில் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வைட்டாக்கரே மலைத்தொடரின் ஏற்ற இறக்கங்களில் 22 மைல் ஓடுவது அவர்கள் வழக்கம். அரைமைல் தொலைவே போட்டியில் ஓடவிருந்த பீட்டர் ஸ்னெல்லும் அந்நெடுவழியை ஓடினார். அரைமைல் ஓட்டத்திற்கு இத்தனை மைல் பயிற்சி எதற்கு என்று அயலார் வியந்தனர்.

விடை 1960-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், ரோம் நகரில் கிடைத்தது. அன்று நடந்த ஒலிம்பிக் 800 மீட்டர் ஓட்டத்தில், உலகச் சாதனையைத் தம்மிடம் வைத்திருந்த பெல்ஜியம் நாட்டு ரோஜர் மோன்ஸை, அதுகாறும் உலகம் அறியாத 21 வயது ஸ்னெல் வென்றார். அதன்பின் சிறிது நேரத்திற்குள்ளேயே, லிடியார்டின் மற்றொரு மாணவரான மரி ஹால்பர்க் 5,000 மீட்டர் ஓட்டத்தில் முதல்வரானார். ஹால்பர்க், இளமையில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடக்கை வலுவிழந்தவர். சில நாட்களுக்குப்பின், எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்ற மாரத்தானில், பாரி மகீ என்னும் மூன்றாம் மாணவர் மூன்றாமிடம் பெற்றார். ஒரே நகரத்து இளைஞர் சிலர், காலணித் தொழிலாளி ஒருவரிடம் பழகி, உலகை வியக்க வைத்தனர்.

லிடியார்டின் பெருமை இப்பதக்கங்களோடு முடியவில்லை. 1962-ஆம் ஆண்டளவில் ஆக்லாந்தில், நடுத்தர வயதினரும் முதியோரும் மெல்லோட்டம் பழகுவதற்கென ஒரு கழகம் அவருடைய வழிகாட்டுதலில் தோன்றியது. இதய நோயினின்று தேறியவர்களும் அதில் இருந்தனர். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தபொழுது அவர்களுடன் ஓடினார். ஐம்பதைக் கடந்திருந்த அவர், தம்மினும் மூத்தோர்க்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கினார். நாணம் அவருக்கு நல்லாசிரியர் ஆயிற்று. தம் நாடு திரும்பியதும் தாமும் மெல்லோட்டம் பழகினார். இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967-இல் மெல்லோட்டத்தைப் பற்றி நூலும் வெளியிட்டார். அது பல லட்சம் மக்களை ஓடத் தூண்டியது.

லிடியார்டு தம் மாணவர்களுக்குக் கூறிய அளவு மிக எளியது. ஓடும்பொழுது உடன் ஓடுபவருடன் உரையாட முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். இதன் காரணத்தை உடலியல் விளக்குகின்றது. மெல்ல ஓடும்பொழுது, தசைகளுக்கு வேண்டிய பிராணவாயுவைக் குருதி போதிய அளவில் கொண்டுவருகின்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்தால், தேவை மிகுந்து வரவு குறைகின்றது. அப்பொழுது தசைகள் வேறு வழியில் ஆற்றலைப் பெற முயல்கின்றன, மூச்சு இரைக்கின்றது, சோர்வு விரைந்து வருகின்றது.

மூச்சைப் போலவே நாடியும் இவ்வெல்லையைக் காட்டும். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் நிலையை அறிதல் நம் சித்த மருத்துவர்களின் மரபு. ஓட்டப் பயிற்சியில் நாடித்துடிப்பை எண்ணும் முறையை, ஜெர்மனியின் பிரைபர்க் நகரில், பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரெய்ண்டலும் வகுத்தனர். சிறு தொலைவு விரைந்து ஓடச் செய்து, நாடி நிமிடத்திற்கு 180 அளவை அடைந்ததும் ஓய்வு கொடுத்தனர். 90 விநாடிகளுக்குள் அது 120-க்கு இறங்க வேண்டும். இறங்காவிடில் பயிற்சி அவ்வீரருக்கு மிகை என்று முடிவு செய்தனர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக், 1939-ஆம் ஆண்டில் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார்.

ஓடிக்கொண்டே நாடியை எண்ணுதல் எளிதன்று. நின்று எண்ணினாலோ துடிப்பு உடனே குறையத் தொடங்கும். இக்குறையைப் போக்கும் கருவி பின்லாந்தில் தோன்றியது. ஔலு பல்கலைக்கழகத்து மின்னணுவியல் பேராசிரியர் செப்போ சாய்னாயாகங்காஸ் 1977-இல் போலார் எலக்ட்ரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பியின்றி இயங்கும் கைக்கடிகார வடிவிலான இதயத்துடிப்புமானியை அந்நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. இதயம் துடிக்கும்பொழுதெல்லாம் ஒரு மெல்லிய மின்னலை எழுகின்றது. மார்பில் கட்டிய பட்டை அதனை உணர்ந்து, மணிக்கட்டிலுள்ள கருவிக்கு அறிவிக்கின்றது. இன்றைய கைக்கடிகாரங்கள் பல, தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சுகின்றன. துடிப்பினால் நாளத்தில் குருதி பெருகுந்தோறும் ஒளி மிகுதியாக உறிஞ்சப்படுகின்றது. அம்மாற்றத்தைக் கொண்டு அவை துடிப்பைக் கணக்கிடுகின்றன.

துடிப்பின் எண்ணைக் கொண்டு வேகத்தை வகுப்பது எங்ஙனம்? 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது, ஒருவருடைய இதயம் அடையக்கூடிய மிகையளவு என்பர். நாற்பது வயதினருக்கு அது 180. ஓய்வில் அவருடைய துடிப்பு 60 எனக் கொள்வோம். இரண்டுக்கும் இடையே உள்ளது 120. இதில் நூற்றுக்கு அறுபது பங்கு 72. அதனுடன் ஓய்வுத் துடிப்பாகிய 60-ஐக் கூட்டினால் 132 ஆகும். நூற்றுக்கு எழுபது பங்கு கொண்டால் 144 ஆகும். ஆகவே, அவர் 132-க்கும் 144-க்கும் இடையே தம் நாடி இருக்குமாறு ஓடுதல் நலம். இக்கணக்கு, பின்லாந்து அறிஞர் கார்வோனன் 1957-இல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்ததாகும்.

ஆயினும், கணக்கு வழிகாட்டியே அன்றித் தலைவன் அன்று. ஒரே வயதினர் இருவரின் மிகையளவு பத்து, இருபது துடிப்புகள் வேறுபடலாம். வளரும் பருவத்தினர்க்கு இவ்வயதுக் கணக்கு நன்கு பொருந்துவதும் இல்லை. வெயில் மிகுந்த நாளில், உடலைக் குளிர்விக்கக் குருதி தோலை நோக்கி ஓடுவதால், அதே வேகத்திற்கு இதயம் மிகுதியாகத் துடிக்கும். அந்நாளில் வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

மாணவர்களே! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டுவதில்லை. காலையில் கண்விழித்ததும், எழுவதற்கு முன், சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர்கீழே வையுங்கள். பெருவிரலால் தொட்டு எண்ணாதீர்கள். அதற்குத் தனித்துடிப்பு உண்டு. 15 விநாடிகள் எண்ணி, நான்கால் பெருக்குங்கள். நாள்தோறும் இதனைக் குறித்து வாருங்கள். சில திங்கள் முறையாக ஓடிவந்தால் அவ்வெண் மெல்லமெல்ல இறங்குவதைக் காண்பீர்கள். ஒருநாள் அது வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு ஏறியிருப்பின், உடல் இன்னும் களைப்பு நீங்கவில்லை. அல்லது நோய் ஏதேனும் தொடங்குகின்றது என்று அறிந்து அன்று ஓய்வு கொள்ளுங்கள். காய்ச்சலுடன் ஓடுதல் தீது. ஓடும்பொழுது மார்பில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்று, பெரியோரிடம் கூறி, மருத்துவரை நாடுங்கள்.

ஓட்டக் களத்தில் முன்னே செல்பவனைக் கண்டு, அவனை எட்டிப் பிடிக்க முதல் நாளே மூச்சிறைக்க ஓடி, மறுநாள் கால்வலியால் பயிற்சியையே கைவிடுவோர் பலர். அவர்கள் பிறன் வேகத்தை அறிந்தனர்; தம் நெஞ்சை அறிந்திலர். லிடியார்டின் மாணவர் ஸ்னெல், 1964-இல் டோக்கியோவில் மேலும் இரு தங்கப் பதக்கங்கள் பெற்றபின், அமெரிக்கா சென்று உடலியல் கற்று முனைவர் பட்டம் பெற்றார். காலணித் தொழிலாளியாகிய தம் ஆசிரியர் பட்டறிவால் கண்டவற்றைச் சோதனைச் சாலையில் ஆராயும் பணியில் ஈடுபட்டார். ஹால்பர்க், உடற்குறை உடைய சிறுவர் நலம் பெற 1963-இல் அறநிலையம் ஒன்றை நிறுவினார்.

ஐந்து மைல் ஓடிக் களைத்த ஓர் இளைஞர், அக்களைப்பை மறைக்காமல் அதன் காரணத்தை வினவியதே இத்தனைக்கும் தொடக்கம். நம் இதயமும் நாள்தோறும் லட்சம் முறை நம்மிடம் பேசுகின்றது. அதன் சொல்லைக் கேட்டு, இன்று சிறிது, நாளை சிறிது என ஓடிப் பழகுவோமாக.