ஸ்கூலுக்குக் காய்கறி விற்க அரசு மானியம்: கைக்கு வர்ற வரைக்கும் அது உங்க பணம் இல்ல!



2025 மார்ச்ல அமெரிக்க வேளாண்மைத் துறை மாநிலங்களுக்கு ஒரு தகவல் சொல்லுச்சு. பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் உள்ளூர் விவசாயிகள்கிட்ட உணவுப்பொருள் வாங்கறதுக்காக ஒதுக்கியிருந்த சுமார் 66 கோடி டாலர் ரத்து. சில மாசத்துக்கு முன்னாடிதான் "இந்தப் பணம் வருது"ன்னு அறிவிச்சிருந்தாங்க. அதை நம்பி அந்த சீசனுக்கு பயிர்த் திட்டம் போட்டு வெச்சிருந்த விவசாயிகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

"அமெரிக்க விவசாயி கதை, மாசச் சம்பளம் வாங்கற எனக்கு எதுக்கு?"ன்னு கேக்கலாம். வேரியபிள் பே வரும்னு நம்பி கார் லோன் போடறவங்களுக்கும், ஊர்ல அப்பா "மானியம் இருக்குப்பா, ஒரு மெஷின் போடலாம்"னு சொல்லும்போது கேரண்டி கையெழுத்து போடப் போறவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

மானியம் ஏன் தேவைப்படுது?

அமெரிக்காவுல பள்ளி மதிய உணவுத் திட்டம் 1946-ல சட்டமாச்சு. இன்னைக்கு ஒரு இலவச மதியச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு பள்ளிக்குத் தர்ற தொகை, பெரும்பாலான மாநிலங்கள்ல 5 டாலருக்கும் கம்மி. சமையல் ஆள் சம்பளம், பால், பழம், மளிகை எல்லாமே அதுக்குள்ள அடங்கணும். அதனால பள்ளி நிர்வாகம் பெரிய சப்ளையர்கிட்ட மொத்தமா, மலிவா வாங்கத்தான் பார்க்கும். பக்கத்துல இருக்கற சின்ன விவசாயியால அந்த விலைக்கு இறங்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கோடை விடுமுறை. பல காய்கறிகளுக்கு விளைச்சல் குவியறதும் அப்பதான். விளையும்போது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். பள்ளி திறக்கும்போது விளைச்சல் குறைஞ்சிருக்கும். சரக்கைப் பாதுகாக்க குளிர்பதன அறை வேணும், கழுவி நறுக்கித் தர வசதி வேணும். எல்லாத்துக்கும் முதலீடு வேணும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசுப் பணம் வருது.

ரெண்டு வகைப் பணம்

முதல் வகை, திட்டத்துக்கான மானியம். 2010-ல வந்த சட்டம், பண்ணையையும் பள்ளியையும் இணைக்கற திட்டங்களுக்கு வருஷத்துக்கு 50 லட்சம் டாலரை நிரந்தரமா ஒதுக்குச்சு. வெர்மான்ட் மாநில செனட்டரா இருந்த பேட்ரிக் லேஹி பேர்ல இப்போ அது நடக்குது. பள்ளிகள், மாநில அமைப்புகள், தொண்டு நிறுவனங்களோட விவசாயிகளும் விவசாயக் குழுக்களும் இதுக்கு விண்ணப்பிக்கலாம்.

ரெண்டாவது வகை, கொள்முதல் பணம். இது விவசாயி கைக்கு நேரடியா வராது. மத்திய அரசு மாநிலத்துக்குத் தரும், அது பள்ளிக்குப் போகும், பள்ளி உள்ளூர் விவசாயிகிட்ட வாங்கும். 2025-ல ரத்தானது இந்த வகைதான்.

ஒரு ஆடிட்டர் கண்ணோட்டத்துல பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம். முதலாவது உங்க முதலீட்டுச் செலவைக் குறைக்குது. ரெண்டாவது உங்களுக்கு ஒரு கஸ்டமரை உருவாக்குது. கஸ்டமருக்கு பணம் நின்னா உங்க விற்பனையும் நிக்கும்.

25 சதவீதக் கணக்குல ஒரு சின்னப் பொறி

முதல் வகை மானியத்துல, மொத்தத் திட்டச் செலவுல 75 சதவீதத்துக்கு மேல அரசு தராது. மீதி 25 சதவீதம் நம்ம பங்கு. 1,00,000 டாலர் மானியம் கேட்டா நம்ம பங்கு எவ்வளவு? 25,000-ன்னு தோணும். ஆனா 25 சதவீதம்ங்கறது மானியத் தொகையில இல்ல, மொத்தச் செலவுல. மானியம் 75 சதவீதம்னா மொத்தச் செலவு 1,33,333 டாலர். நம்ம பங்கு 33,333 டாலர். வித்தியாசம் 8,333 டாலர்! எந்த மானிய விளம்பரத்தைப் பார்த்தாலும் "எதுல இத்தனை சதவீதம்?"னு முதல்ல கேளுங்க.

வாங்கறது நின்னா என்ன ஆகும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு விவசாயி 40,000 டாலர் கடன் வாங்கி குளிர்பதன அறை போடறார். 8 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ மாசம் சுமார் 811 டாலர், வருஷத்துக்கு 9,732. பள்ளி விற்பனையில மாசம் 1,200 டாலர் லாபம், பள்ளி நடக்கற 9 மாசத்துக்கு 10,800. இஎம்ஐ போக 1,068 டாலர் மிச்சம். பரவாயில்லையேன்னு தோணும்.

இப்போ பள்ளிகளோட கொள்முதல் பாதியா குறையுதுன்னு வைங்க. லாபம் 5,400. இஎம்ஐ அதே 9,732. வருஷத்துக்கு 4,332 டாலர் துண்டு விழும். வருமானம் அரசு முடிவைப் பொறுத்தது, இஎம்ஐ தேதியைப் பொறுத்தது. அதுதான் பிரச்சனையே.

இதுல இன்னொண்ணையும் கவனிங்க. 2025-ல முதல் வகை மானியத்தோட அந்த வருஷச் சுற்றையும் நிறுத்தினாங்க. ஆனா அதுக்குப் பின்னாடி சட்டம் இருந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல 1.8 கோடி டாலர் வரைக்கும் புதுசா அறிவிச்சாங்க. சட்டம் இருந்தாலும் பணம் தாமதமாகலாம், ஆனா திரும்பி வர வாய்ப்பு அதிகம். நிர்வாக முடிவுல வந்த பணம், இன்னொரு நிர்வாக முடிவுல போயிடும்.

பிரேசில் எடுத்த வழி

பிரேசில்ல 2009-ல ஒரு சட்டம் போட்டாங்க. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தர்ற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்தை குடும்ப விவசாயிகள்கிட்ட வாங்கறதுக்கே செலவழிக்கணும். 2026-ல இருந்து இதை 45 சதவீதமா உயர்த்தினாங்க. பெரிய கம்பெனிகளோட விலைப்போட்டி டெண்டர்ல விவசாயி மோத வேண்டாம். பொது அழைப்பு மூலமா சந்தை விலைக்கு வாங்கறாங்க.

இங்க விவசாயிக்கு தனியா ஒரு கொள்முதல் நிதி வேண்டியதில்ல. எப்படியும் செலவாகப் போற பள்ளி உணவுப் பணத்துல ஒரு பங்கு அவருக்குன்னு சட்டமே சொல்லுது. பேங்க்குல கடன் கேட்கப் போறவருக்கு இதுதான் பலம்.

நம்ம வீட்டுக் கணக்கு

நம்ம நாட்டுல 2020-ல ஆரம்பிச்ச பிஎம்எஃப்எம்இ திட்டத்தை எடுத்துக்கங்க. எண்ணெய், மசாலா, மாவு மாதிரி சின்ன உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கு 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். 20 லட்ச ரூபாய் திட்டம்னா 7 லட்சம் மானியம். நம்ம பங்கு குறைஞ்சது 10 சதவீதம், அதாவது 2 லட்சம்.

ஆனா அந்த 7 லட்சம் முதல் நாளே கையில வராது. பேங்க்குல தனிக் கணக்குல நிக்கும். 3 வருஷம் தொழில் நடக்கணும், கடன் ஒழுங்கா போகணும். அதுக்கப்புறம்தான் கடன்ல கழிப்பாங்க. அதுவரைக்கும் முழுக் கடனுக்கும் பொறுப்பு கையெழுத்து போட்டவங்கதான்.

அதனால மானியம், போனஸ், இன்சென்டிவ் எதுவா இருந்தாலும் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. பணம் என் கைக்கு வருதா, இல்ல எனக்கு வாங்கறவர் கைக்குப் போகுதா?
2. செலவுக்கு முன்னாடி வருதா, பின்னாடி வருதா? நடுவுல எத்தனை மாசம் நான் தாக்குப்பிடிக்கணும்?
3. இதை நிறுத்தற அதிகாரம் யார்கிட்ட இருக்கு? சட்டம் மாறணுமா, ஒரு மெயில் போதுமா?
4. இது வரவே இல்லன்னாலும் என்னால இஎம்ஐ கட்ட முடியுமா?

நாலாவது கேள்விக்கு "முடியும்"னு பதில் வந்தா தைரியமா இறங்குங்க. மானியம் வந்தா லாபம். "முடியாது"ன்னா, திட்டத்தோட சைஸைக் குறைங்க, இல்ல ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. அப்பாகிட்ட இதைச் சொல்றது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சொல்றது, போட்டதுக்கு அப்புறம் சொல்றதைவிட ரொம்ப ஈஸி.

உங்க வீட்டுல யாராவது மானியத்தோட கடன் எடுக்கற யோசனையில இருந்தா, திட்டச் செலவையும் மானிய சதவீதத்தையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.