முடி உதிர்ந்தால் முகத்தை மறைக்கணுமா?



நம்ம மாவட்டத்தில் மொட்டைத் தலை புதுசு இல்லை. நார்த்தாமலை, சமயபுரம், பழனி என்று நேர்ந்துகொண்டு பெண்களும்தான் முடி இறக்குகிறோம். சந்தனம் பூசிய தலையோடு பஸ் ஏறி ஊர் திரும்புகிறோம். “எந்தக் கோயிலுக்கு அத்தாச்சி?” என்று யாராவது கேட்பார்கள். சொல்வோம். அதோடு சரி.

ஆனால் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி கொட்டிய சகோதரி மட்டும் வாசலுக்கு வரவே கூசுகிறார். சேமிப்புப் பணத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறார். பார்த்த வேலையை விட்டுவிடுகிறார். வருமானம் நிற்கிறது, கடன் தவணை தள்ளிப் போகிறது. இன்னும் சிலர், “முடி போயிருமாமே” என்று பயந்து சிகிச்சையையே தள்ளிப் போடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தாக முடியும். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுகிறோம்.

முடி ஏன் கொட்டுகிறது?

புற்றுநோய் அணுக்கள் வேகமாகப் பெருகும். கீமோதெரபி என்று சொல்லும் மருந்து, வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கி அழிக்கிறது. நம் முடியின் வேரில் இருக்கும் அணுக்களும் வேகமாகப் பெருகுபவைதான். அதனால் அவையும் சேர்ந்து அடிபடுகின்றன. முடி கொட்டுவது மருந்தினால். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. கொட்டும் மருந்தாக இருந்தால், முதல் தடவை ஏற்றி 2, 3 வாரத்தில் ஆரம்பிக்கும். புருவம், இமை முடிகூட உதிரலாம். சிகிச்சை முடிந்த பிறகு சில வாரங்களில் பூனைமுடி மாதிரி முளைக்கும். 3 முதல் 6 மாதத்துக்குள் பெரும்பாலோருக்குத் தலை நிறைய முடி வந்துவிடும். முதலில் சுருட்டையாகவோ நரையாகவோ வரலாம். பயப்பட வேண்டாம்.

“இந்த எண்ணெய் தேய்த்தால் முடி கொட்டாது” என்று சொல்லி விற்பார்கள். அதை நம்பிப் பணத்தை விடாதீர்கள்.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ வராது.

தலையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

* கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்ப்பதுதான் பெரிய வேதனை. அதற்கு முன்பே கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். சவரக்கத்தி, பிளேடு வேண்டாம். சிறு கீறல்கூடச் சீழ் பிடிக்கலாம்.
* காரமில்லாத சோப்பு போதும். சாயம், சூடான தண்ணீர் தவிர்க்கவும்.
* வெயிலில் தலை எரியும். பழைய பருத்திச் சேலையைச் சதுரமாகக் கிழித்துக் கட்டிக்கொண்டால் மெத்தென்று இருக்கும், வியர்வையை உறிஞ்சும். நைலான் துணி வழுக்கும், சூடும் அதிகம்.
* விக் வைப்பது அவரவர் விருப்பம். செயற்கை முடி விக் நெருப்புப் பக்கம் போனால் உருகும். அடுப்பு வேலை, முந்திரி வறுக்கும் வேலை செய்பவர்கள் அதை வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்கக் கூடாது.

வேலைக்குப் போகலாமா?

உடம்பு தாங்கினால், டாக்டர் சரி என்றால், தாராளமாகப் போகலாம். நடவு, களை எடுப்பு என்றால் எல்லோரும்தான் தலையில் துண்டு கட்டுகிறோம். சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர் தலையை மூடிக்கொள்வது சுத்தத்துக்கும் நல்லது. கடை, அலுவலகம் என்றால் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மற்றவர்கள் கேள்வி கேட்பது குறையும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மருந்து ஏற்றிய பிறகு சில நாட்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். எந்த நாட்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அப்போது மட்டும் கூட்டத்தையும் சாணி அள்ளுவதையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாராவது கேட்டால்?

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. “மருந்து ஏத்துறேன், முடி போச்சு, திரும்ப முளைச்சிரும்” என்று சொல்லலாம். “உடம்பு சரியில்ல, இப்ப பரவாயில்ல” என்று முடித்துவிடலாம். சொல்லாமல் சிரித்துவிட்டும் போகலாம். எதைச் சொல்வது என்பது அவர் உரிமை.

கோயிலில் நாமாக முடி கொடுக்கிறோம். இங்கே கேட்காமலே போகிறது. அதனால் துக்கம் இருக்கத்தான் செய்யும். “முடிதானே, போனா போகுது” என்று லேசாகச் சொல்லாதீர்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

குழு என்ன செய்யலாம்?

விசேஷ வீட்டில் பூவும் குங்குமமும் கொடுக்கும்போது, தலையில் முடி இல்லை என்று அவரைத் தாண்டிப் போய்விடுகிறோம். முடி உதிர்ந்ததைவிட இதுதான் அதிகம் வலிக்கும். அவருக்கும் பூ கொடுங்கள். கட்டியிருக்கும் துணியில் குத்திக்கொள்வார், இல்லாவிட்டால் கையில் வைத்துக்கொள்வார்.

“ஐயோ, எப்படி இருந்த நீ!” என்று கூட்டத்தில் அங்கலாய்க்க வேண்டாம். அவர் சொல்லாமல் அவர் நோயைப் பிறரிடம் சொல்லவும் வேண்டாம். வர முடியாத வாரம், அவர் சம்மதித்தால், கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் வையுங்கள். ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தால் பொறுப்பைப் பறிக்காமல் துணைக்கு ஒருவரைப் போடுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவு நிலை குறைப்பு நிதி இருந்தால் மனு எழுத உதவுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. விவரத்துக்கு 104-க்குப் போன் செய்யலாம்.

நம் மாவட்டம் காட்டிய வழி

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, நம்ம மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போதும் கேலி பேசினார்கள், முறைத்துப் பார்த்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாகப் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒருத்தி தனியாக ஓட்டினால் கேலி. எல்லோரும் சேர்ந்து ஓட்டியதும் ஊர் பழகிக்கொண்டது.

கர்ப்பிணிகளுக்கான உதவித் திட்டத்துக்குப் பெயராக இருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்தவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் உறுதி எடுத்து, 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். அவர் பிறந்த மண்ணில், சிகிச்சை எடுக்கும் பெண் தலைகுனிந்து நடக்கலாமா?

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. சிகிச்சையில் இருக்கும் உறுப்பினர் நம் குழுவில் உண்டா? கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்?
2. ஆஸ்பத்திரிக்குத் துணையாக யார், எந்த முறை போவது?
3. அவர் திரும்ப வரும் முதல் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து அழைத்து வரப்போவது யார்?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.